நாற்பத்துநான்காம் இடம்

மோர்டன், இலண்டன்
6 ஏப்ரல் 2025

அன்பு மகன் துஷாந்தனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி துஷ்யா, நான் மூவரும் சுகம். நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? என் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் ஒரு கடிதம் என்பது நீ அமெரிக்கா போகும்போது எனக்குத் தந்த வாக்கு. மின்னஞ்சல்தான் என்றாலும் திகதி போட்டு, கீழே பெயர் எழுதி முடிக்கவேண்டும். போன மாதம் நீ அனுப்பியது இரண்டே இரண்டு வரி. பத்து வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இந்த இரண்டு வரிக்காகவா? போனில் பேசலாம் என்றால் அப்பா நடுவில் வாங்கி, "எறிஞ்சு எறிஞ்சு என்னத்தைக் கண்டனி? வந்து படிப்பை முடி" என்பார். நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

உனக்கு மூன்றாவது ஆட்டப் பருவம் தொடங்கிவிட்டதாம், துஷ்யா சொன்னாள். கிளப்பின் பெரிய அணிக்குப் போக ஐந்து படி ஏறவேண்டும் என்றாய். இன்னும் இரண்டாம் படியில்தானா? எனக்கு இந்த பேஸ்போல் ஒன்றும் விளங்குவதில்லை.

கமலேஸ்வரி அக்காவை ஸ்டேஷனில் கண்டேன். "உன்ர பொடியன் அமெரிக்காவில பெரிய விளையாட்டுக்காரனாமே!" என்றா. அவவின் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். "சும்மா பந்து எறியிறான் அக்கா, ஒண்டும் பெரிசா இல்லை" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குள் ஏறிவிட்டேன்.

கையைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

அன்புடன் அம்மா,
ஜெகதீஸ்வரி


மேப்பிள்டன், அமெரிக்கா
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். சாப்பிடுகிறேன். கை நல்லாக இருக்கிறது. ஒன்பது மணி நேர பஸ் பயணத்தில் இருந்து எழுதுகிறேன். பக்கத்தில் என் அறைத்தோழன் றமோன், டொமினிக்கன் பொடியன், வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

அம்மா, ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. எங்கள் கிளப்பின் சின்ன அணிகளையும் அதில் வளரும் பொடியன்களையும் மட்டும் பின்தொடர்ந்து எழுதுகிற ஓர் இணையத்தளம் இருக்கிறது. எழுதுகிறவர் தன் பெயரைப் போடுவதில்லை, 'மூன்றாம் வரிசை' என்று மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் யார் எப்படி ஆடினான் என்று எழுதுவார். மாதம் ஒருமுறை எங்கள் அறுபது பேரையும் வரிசைப்படுத்துவார். போன வருடம் மேல்படிக்குப் போன நாலு பேரையும் முன்கூட்டியே சொன்னவர். எங்கள் கோச்மார் படிக்கிறார்கள், கிளப் அலுவலகத்திலும் படிக்கிறார்களாம்.

எல்லோருக்கும் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. பந்தை எட்டிக்கூடப் பிடிக்காத றமோனுக்கும் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை. அறுபதில் நான் நாற்பத்தொன்று. போன கிழமை ஒன்பது பேரை மட்டையில் பந்து படாமலே வெளியேற்றினேன். அவர் எழுதியது ஒரே வரி: "ஒன்றும் பெரிதாக இல்லை." பஸ்ஸில் பொடியள் அதைச் சத்தமாக வாசித்துச் சிரிக்கிறார்கள்.

ஜூன் கடைசியில் எங்களில் பத்துப் பேரைக் கிளப்பில் இருந்து வெட்டப்போகிறார்கள். வெட்டினால் விசாவும் போச்சு. அப்பாவுக்கு முன்னால் பையோடு வந்து நிற்க என்னால் ஏலாது. இந்த ஆளுக்கு என்னில் என்ன கோபம் என்றுதான் விளங்கவில்லை.

அன்பு மகன்,
துஷாந்தன்


மோர்டன்
27 ஏப்ரல் 2025

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் டிராமில் வாசித்தேன். குரோய்டனில் இறங்க மறந்து இரண்டு தரிப்பு தள்ளிப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்கு நான் உதவிக்கு நிற்கிற பிள்ளைகள் பத்து நிமிடம் கதிரைகளைத் தள்ளி விளையாடினார்களாம்.

அந்த ஆள் எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும். நீ அதைப் படிக்காதே. யாரோ முகம் தெரியாத ஆள் சொல்லித்தானா நீ எறியப்போகிறாய்? உன்னைக் கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பதும் நல்லதுக்குத்தான் என்று நினை.

ஆனால் ஐந்தாம் இன்னிங்ஸ் தாண்டினால் உன் வேகம் இரண்டு மைல் விழுகிறதே, அது ஏன்? முழங்கை நோகிறதா? எனக்கு உண்மையைச் சொல்.

அம்மா


மேப்பிள்டன்
18 மே 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கை நல்லாக இருக்கிறது. வேகம் விழுவது உங்களுக்கு எப்படித் தெரியும்? துஷ்யா சொன்னாளா?

செவ்வாய்க்கிழமை நான் ஆறு இன்னிங்ஸில் பதினொரு பேரை வெளியேற்றினேன் அம்மா! இந்த மைதானத்தில் ஆறு வருடமாக ஒருத்தரும் அப்படிச் செய்யவில்லை. சனம் எழும்பி நின்று கைதட்டியது. ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த நாள் மூன்றாம் வரிசை எழுதினது இது: "எதிரணி பலவீனமானது. இதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது." நேற்று வந்த வரிசையில் நான் நாற்பத்துநான்கு. பதினொரு பேரை வெளியேற்றினதுக்கு எனக்கு மூன்று இடம் இறக்கம்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கோச் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அலுவலகத்தில் கேட்கிறார்களாம், இவ்வளவு சரியாகக் கணிக்கிற ஆள் இந்த ஒருத்தனை மட்டும் ஏன் ஒதுக்குகிறார், எங்களுக்குத் தெரியாத எதையோ கண்டிருக்கிறாரா என்று. வெட்டப்போகிற பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கிறது. அதைப் போட்டது அந்த ஆள்தான். எனக்கு நித்திரை வருவதில்லை அம்மா.

துஷாந்தன்


மோர்டன்
25 மே 2025

என் குஞ்சு,

இப்படி ஆகும் என்று யார் கண்டது?

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? கோயில் கார் தரிப்பிடத்தில் கமலேஸ்வரி அக்கா உன்னைப் பார்த்து, "என்ன வளத்தி, என்ன கை! இவன் ஆரையும் விழுத்துவான்" என்றா. மூன்றாம் நாள் ஊஞ்சலில் இருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அன்றைக்கே நான் முடிவெடுத்தேன், என் பிள்ளையைப் பற்றி நல்லதை வாயால் சொல்லவும் மாட்டேன், சொல்ல விடவும் மாட்டேன் என்று. நாவூறு பொல்லாதது.

இன்று காலையில் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து உன் படத்தை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை, அவ்வளவு நாவூறு! புகை மட்டும் வந்து அலாரம் கத்த, அப்பா துவாயோடு ஓடி வந்தார்.

ஒன்றுக்கும் யோசிக்காதே. நான் ஏதாவது வழி பார்க்கிறேன்.

அம்மா


மேப்பிள்டன்
1 ஜூன் 2025

அம்மா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். பிறகு மூன்றாம் வரிசை என்னைப் பற்றி எழுதின எல்லாவற்றையும் முதல் வருடத்தில் இருந்து வாசித்தேன்.

ஓர் இடத்தில் இப்படி இருக்கிறது: "காலை ஊன்றும்போது பாதம் வெளியே திரும்புகிறது, பதினாலு வயதில் இருந்தே அப்படித்தான்." பதினாலு வயதில் நான் கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் குரோய்டனில் பேஸ்போல் பழகின பொடியன். அமெரிக்காவில் ஒருத்தரும் அப்போது என்னைக் காணவில்லை. அந்த மைதானத்தில் மடக்குக் கதிரைகள் மூன்று வரிசை போட்டிருப்பார்கள். நீங்கள் எப்போதும் கடைசி வரிசையில் இருப்பீர்கள், முன்னுக்கு வாங்கோ என்றால் வரமாட்டீர்கள்.

ஒன்றும் பெரிதாக இல்லை. வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் என்னைப் பற்றி நீங்கள் சொன்னது அதுதானே.

அம்மா, அது நீங்களா? நியாயம் எதுவும் எழுதவேண்டாம். ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கோ.

துஷாந்தன்


மோர்டன்
3 ஜூன் 2025

மகன்,

ஓம்.

அதோடு நிறுத்தச் சொன்னாய், என்னால் ஏலாது. நீ போன முதல் மாதம் வீட்டில் உன் அறையைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. உன் பெயர் வருகிற இடம் இணையத்தில் கிளப் போடுகிற ஆட்ட விவரப் பக்கம் ஒன்றுதான். இலக்கம் என்றால் எனக்குப் பயமில்லை. காலை டிராமில் வாசிக்கத் தொடங்கி, மற்றப் பொடியன்களின் ஆட்ட வீடியோக்களையும் பார்த்து, ஒவ்வொருத்தனும் யார் பெற்ற பிள்ளையோ என்று அவர்களிலும் பாசம் வந்துவிட்டது. துஷ்யா பக்கத்தை அமைத்துத் தந்தாள். நாலு பேர் படித்தது நாலாயிரம் பேராகும் என்று நான் கனவா கண்டேன்?

உன்னைப் பற்றி எழுதும்போது மட்டும் பயம் வந்துவிடும். இத்தனை ஆயிரம் கண் உன்மேல் விழ நானே சொல்லிக் கொடுப்பதா? அதனால் கீழே போட்டு மூடினேன். நாற்பதுக்குக் கீழே யாரும் கண் வைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உன் கழுத்தையே பிடித்திருக்கிறேன். என்னை மன்னி என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

பக்கத்தை அழிக்கட்டுமா? உண்மையை எழுதட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். ஏதாவது ஒரு சொல் எழுது ராசா.

அம்மா


மோர்டன்
15 ஜூன் 2025

அன்பு மகனுக்கு,

பன்னிரண்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. துஷ்யாவின் போனையும் எடுக்கிறாய் இல்லை. வெட்டுகிற நாள் கிட்ட வருகிறது. இனி உன்னைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை, நானே செய்துவிட்டேன்.

இன்று காலை அந்தப் பக்கத்தில் என் சொந்தப் பெயரைப் போட்டு எழுதினேன்: "நான் துஷாந்தனின் தாய். மூன்று பருவமாகப் பயத்தில் அவனைப் பற்றிப் பொய் எழுதினேன். மற்ற ஐம்பத்தொன்பது பேரைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை. துஷாந்தனின் உண்மையான இடம் பதினொன்று. அவனுடைய மெதுவான பந்து இந்தக் கிளப்பில் வேறு ஒருவனிடமும் இல்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போது அவன் முகம் மாறாது. அவன் அருமையான எறிகாரன்."

முதலாம் இடம் போடவில்லை. போட்டால் அதுவும் பொய்யாகிவிடும். கீழே நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள், இனி என்னை நம்பி ஒருத்தரும் படிக்கமாட்டார்கள். அது போகட்டும்.

கோயிலில் கமலேஸ்வரி அக்காவைக் கண்டு, "என்ர மகன் நல்லா எறியிறான் அக்கா" என்றும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து மிளகாய் சுற்றவில்லை.

அம்மா


மோர்டன்
19 ஜூன் 2025

ஐயோ ராசா,

இன்று காலை டிராமில் பார்த்தேன். மூன்றாம் இன்னிங்ஸ் நடுவில் உன் பெயர் நின்றுவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாய் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த தரிப்பில் இறங்கி அங்கே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு பிள்ளை தண்ணீர் வாங்கித் தந்தது.

நான் வாயைத் திறந்து நாலு நாள் ஆகவில்லை. நான்தான் செய்தேன். பதினாறு வருடம் பொத்தி வைத்ததை ஒரு காலையில் போட்டு உடைத்தேன். "எந்தக் கையாம்?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார்.

என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. கை எப்படி என்று துஷ்யாவுக்காவது சொல்.

அம்மா


மேப்பிள்டன்
22 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கையில் தசைநார் கிழிந்துவிட்டது. ஜூலை ஒன்பதாம் திகதி ஆபரேஷன். திரும்ப எறியப் பதினாலு மாதம் எடுக்கும், எறிந்தாலும் பழைய வேகம் வருமா என்று டொக்டர் சொல்லவில்லை. சுகமாகும் வரை கிளப் என்னை வெட்டமாட்டாது, விசா இருக்கும். அதற்குப் பிறகு என்ன என்று ஒருத்தருக்கும் தெரியாது.

நீங்கள் இப்போது என்ன நினைத்து அழுதுகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா, கை மார்ச் மாதத்தில் இருந்து நோகிறது. பருவம் தொடங்க முதலே. சொன்னால் வெட்டிவிடுவார்கள் என்று கோச்சுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒவ்வொரு கடிதத்திலும் "கை நல்லாக இருக்கிறது" என்று எழுதினது எல்லாம் பொய். ஐந்தாம் இன்னிங்ஸுக்குப் பிறகு வேகம் விழுவதைக் கண்டு நோகிறதா என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள். உங்களுக்கும் நான் ஒளித்தேன். ஏப்ரலில் சொல்லியிருந்தால் இவ்வளவு கிழிந்திராது என்கிறார் டொக்டர். நீங்கள் வாயைத் திறந்ததால் இது வரவில்லை. நான் வாயைத் திறக்காததால் வந்தது.

எனக்குக் கோபம் போகவில்லை. பஸ்ஸில் இருந்து அந்த வரிகளை வாசித்தது எனக்கு மறக்காது, சும்மா சொல்லமாட்டேன். ஆனால் பதினொன்று என்று நீங்கள் எழுதினதை றமோன் பிரதி எடுத்து என் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறான். அவன் தன் அம்மாவிடம் கேட்டானாம், அவனுக்கு அவ முதலாம் இடம் கொடுத்தாவாம். உன் அம்மாதான் நேர்மையான ஆள் என்கிறான்.

ஆபரேஷனுக்கு நீங்கள் வரவேண்டும். தனியப் படுத்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. துஷ்யாவிடம் சொல்லிவிட்டேன், அவள் டிக்கெட் பார்க்கிறாள். அப்பாவிடம் வலது கை என்று சொல்லுங்கோ.

வரும்போது செத்தல் மிளகாய் கொண்டு வாங்கோ. அறையில் இருக்கிற புகை அலாரத்தை றமோன் கழற்றி வைப்பான்.

உங்கள் மகன்,
துஷாந்தன்