அடுத்த அறையின் பூனை

என் கண்ணு,

ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன். நீ கூப்பிட்டபடி உன்னோடு வந்து இருந்துகொள்கிறேன். ஆனால் வயலினும் வரும். அதை விற்கச் சொல்லாதே.

“இந்த வயசுல யாரும்மா கேக்கப் போறாங்க?” என்றாய். யாராவது கேட்கட்டும் என்றா ஐம்பது வயதில் கற்றுக்கொண்டேன்? வில்லை இழுத்தால் எனக்கு நெஞ்சு லேசாகிறது. அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கடைசிவரை அது பிடிக்கவில்லை. மேல் ஸ்தாயியைத் தொட்டதுமே அடுத்த அறையிலிருந்து, “எந்தப் பூனைய கதவிடுக்குல நசுக்குற?” என்று கத்துவார். “கட்டிக்கிட்ட பூனையத்தான்!” என்று நானும் கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிப்பேன். அவர் சொன்னாரென்று ஒருநாளும் பெட்டியை மூடியதில்லை.

அவர் போன பிறகு நேற்றுதான் அதைத் திறந்தேன். சுருதி சேர்த்து, நன்றாகத்தான் தொடங்கினேன். மேல் ஸ்தாயியைத் தொட்டதும் கை தானாக நின்றுவிட்டது. அடுத்த அறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“கட்டிக்கிட்ட பூனையத்தான்” என்று மெதுவாகச் சொன்னேன். பிறகு மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

உன்
அம்மா