உப்பு மூட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நெல்லித்தோப்புக்கு நான் அனுப்பிய உப்பு மூட்டையை இன்று காலை உன் தம்பி கடையில் இறக்கிவிட்டுப் போனான். "அவ கேட்டது உப்பு இல்ல மாமா, உங்க முதுகுல ஏறணுமாம்" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

போனில் பாப்பா "அப்பா, உப்பு மூட்டை வேணும்" என்று அழுதபோது எதிரே சரக்கு வாங்க மூன்று பேர் நின்றார்கள். "உடனே அனுப்புறேன்டா கண்ணு" என்று வைத்துவிட்டேன். மளிகைக்காரன் புத்தி.

"மூணு வயசாச்சு, ஒரு நாளாவது அவளைத் தூக்கி விளையாடியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நீ கிளம்பிப் போனாய். பதினைந்து வருஷம் மூட்டை தூக்கிய முதுகு இது. கடை வைத்த அன்றே, இனி இதில் எதையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அந்த மூட்டையை முதுகில் ஏற்றிப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோ. குடோன் வரைக்கும் போய்த் திரும்பினேன். இடுப்பு வலிக்கிறது, ஆனால் தாங்குகிறது. பாப்பா அதில் பாதிதான் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை எந்தச் சாக்கும் இல்லாமல்.

உன் வீட்டுக்காரன்