சனிக்கிழமை எண்ணெய்

15-10-1988, சனி

விடிந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கைநடுக்கம். டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் காபி வேட்டியில்தான். பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த கை! குடியை விட்டதிலிருந்து இவருக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. இன்றைக்கு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிடும் உக்கிரபாண்டி அண்ணனிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஏச்சு. "நான் என்ன பயில்வானா? எனக்கெதுக்குட்டி எண்ணெ?"

அண்ணன் முதலில் வாயைத்தான் மோந்து பார்த்தார். "குடிச்ச உடம்புல நான் கை வைக்க மாட்டேன். எண்ணெ குடியை நிறுத்தாது, தாயி. நிறுத்துனவனைச் செத்த நேரம் தூங்க வைக்கும். அம்புட்டுத்தான்."

பிடரியில் தொடங்கி உள்ளங்கால் வரைக்கும் தேய்த்தார். பாதியிலேயே இவர் குறட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

22-10-1988, சனி

நான் சொல்லாமலே சட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

12-11-1988, சனி

தீபாவளி குடிக்காமல் கழிந்தது. கண் பட்டுவிடும், இதற்கு மேல் எழுத மாட்டேன்.

8-12-1988, வியாழன்

நாசமாய்ப் போச்சு. எல்லாம் போச்சு.

மழையில் நனைந்து வந்தவருக்கு மத்தியானம் குளிர்காய்ச்சல். நான் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் என் மாமியார் மட்டும். எண்ணெய் தேய்த்துத்தானே மகன் தேறினான் என்று, அத்தையும் தேய்த்திருக்கிறார் — ரம்மை! மூட்டுவலிக்கென்று அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த பட்டாளத்துக் கேண்டீன் ரம். நெஞ்சு, முதுகு, உள்ளங்கால். பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்த குழந்தைக்கும் இந்தப் பக்கம் செய்கிற வைத்தியம்தான். ஆனால் இவருக்கா? தேய்த்துவிட்டு, பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, அத்தை கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போயிருக்கிறார்.

நான் வரும்போது வீடே நாறியது. இவர் உள்ளங்கையை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி பாட்டில்.

"குடிக்கவா குடுத்தேன்? சூடு ஏறட்டும்னு மேல தேய்க்கத்தானட்டி செஞ்சேன்" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பெற்ற மனசை என்ன சொல்லி ஏச? யாரை ஏச?

10-12-1988, சனி

அண்ணன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "தெளிஞ்ச பொறவு கூட்டிட்டு வாங்க, தாயி." எங்கே தெளிய?

14-1-1989

பொங்கல். பிராந்திக் கடையிலிருந்து இரண்டு பேர் தூக்கிவந்து போட்டார்கள்.

5-3-1989, ஞாயிறு

ஒரு கல்யாணத்துக்கு ராஜபாளையம் வந்த உக்கிரபாண்டி அண்ணன் வீட்டுக்கும் வந்தார். இவருக்கு இப்போது கடைக்கு நடக்கவே தெம்பில்லை. கண் மஞ்சள், வயிறு உப்பல். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. எழும்பவே இல்லை.

என்னை வெளியே கூப்பிட்டார். "ஈரல் கெட்ட வீக்கம், தாயி. இதுல நான் தேய்க்கக் கூடாது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"பிழைச்சுக்கிடுவாரா அண்ணே?"

அண்ணன் செருப்பை மாட்டினார்.

உள்ளே போனேன். "என்னட்டி சொன்னாரு?" என்றார் இவர்.

"சனிக்கிழமை தேய்க்க வரச் சொன்னாரு."

இவர் முகம் தெளிந்துவிட்டது. "பழைய வேட்டியா ஒண்ணு எடுத்து வையி. எண்ணெ ஆயிரும்."