மருந்தா, உப்புத் தண்ணீரா

நானா,

இன்று காலை கந்தோரில் வேலை தொடங்கும்போதே நம் ஆய்வின் அந்தப் பட்டியல் வந்தது. எந்தப் பெட்டியில் மருந்து, எதில் வெறும் உப்புத் தண்ணீர் என்று இத்தனை காலமும் நம் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்தார்களே, அதுதான். தெல்தோட்டைப் பாதையில் நீங்கள் உடைத்த பெட்டியின் இலக்கம் எனக்கு மனப்பாடம். விரல் வைத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீர். யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேயிலைக் கொழுந்து ஏற்றிய டிராக்டர் புரண்டு அந்தத் தோட்டத்து மனிதர் அடியில் அகப்பட்ட அன்று அம்புலன்ஸில் போனது நீங்கள். இரத்தம் நிற்கவில்லை. வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்தீர்கள். அதற்கு மேல், இரத்தப்போக்கை நிறுத்துமா என்று ஒரு மருந்தைச் சோதிக்கும் நம் ஆய்வின் விதிப்படி, வரிசையில் அடுத்த பெட்டியை உடைத்து ஊசி ஏற்றினீர்கள். உள்ளே என்ன என்று ஏற்றுகிறவருக்கும் தெரியக் கூடாது. உயிர் ஊசலாடும் நேரத்தில் ஆய்வில் சேர்க்க அனுமதி கேட்க முடியாது. பிறகு வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். கூடவே ஏறிய அவருடைய மனைவி உங்கள் கையைப் பிடித்து அழ, "நல்ல மருந்து ஏத்தியிருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டீர்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

கருமாதி முடிந்து நான் அனுமதி கேட்கப் போனேன். அது என் வேலை. நீங்கள் வரத் தேவையே இல்லை. லீவு போட்டுக்கொண்டு வந்தீர்கள். அவர்கள் குடியிருந்த லயத்துப் படியில் ஏறும்போது, அண்ணன் முறை என்றும் பாராமல், பயத்தில் உங்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

"மருந்துன்னு சொன்னதப் பத்தி வாயே தொறக்காதீங்க நானா. அந்த நேரத்துல சொன்னது அவங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

"எனக்கு ஞாபகம் ஈக்குதே தங்கச்சி."

அனுமதிப் படிவத்தைத் தமிழில் எழுதியவள் நான். என் தமிழைப் பற்றி எனக்கிருந்த மண்டைக்கனம் உங்களுக்குத் தெரியும். இறந்தவரின் மைத்துனன் அதை வாங்கி உரக்கப் படித்தான். ஒரு வரியில் நின்றுவிட்டான்.

"'சோதனைக்கு உட்படுத்தப்பட்டார்'னா என்னாங்க? எங்க மச்சான் என்ன எலியா?"

பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்தவர்கள் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். விளக்கம் சொல்ல ஆயிரம் தடவை பழகியிருந்தேன், ஒன்றும் வரவில்லை. நீங்கள் கதிரையை விட்டு எழும்பி இறந்தவரின் மனைவியான அந்த அக்காவைப் பார்த்துப் பேசினீர்கள்.

"அன்டைக்கு நல்ல மருந்துன்னு சொன்னேன். அது என்ட பிழை. மருந்தா, உப்புத் தண்ணியான்னு எனக்குத் தெரியா. இப்பவும் தெரியா."

மைத்துனன் உங்கள் சட்டையைப் பிடித்தான். நீங்கள் அவன் கையை விலக்கவில்லை. அக்காதான் "விடுடா" என்று அதட்டினார். பிறகு கேட்டார்: "எப்ப தெரியும்?"

"எல்லாம் முடிஞ்ச பொறகு. தெரிஞ்சா நானே வந்து சொல்றேன்."

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவர் கையெழுத்து வைத்தார். இறங்கி வரும்போது, தேவையில்லாத வேலை பார்த்தீர்கள் என்று உங்களை ஏசினேன். நீங்கள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

போன வருடம் உங்கள் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. செய்தி கிடைத்து நான் உங்கள் ஊரான மடவளைக்கு வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. வாக்குக் கொடுத்தவர் நீங்கள், போய்ச் சொல்ல வேண்டியது மட்டும் என் தலையிலா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று அக்கா என்னைக் கண்டதுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். நின்றபடியே சொன்னேன். உப்புத் தண்ணீர் என்றேன். மருந்து ஏற்றப்பட்டவர்களில் கூடுதலான பேர் பிழைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அதை மறைத்திருக்கலாம், பஸ்ஸில் வரும்போது மறைப்பதென்றுதான் முடிவு செய்திருந்தேன்.

"அத ஏத்தியிருந்தா இவரு பொழச்சிருப்பாரா?"

"தெரியாதுக்கா."

அவர் என் பின்னால், படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். "அந்த அண்ணன் எங்க? தானே வந்து சொல்றேன்னாரே."

சொன்னேன். அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அவரு வரட்டும், நல்லா நாலு வார்த்த கேக்கணும்னு இருந்தேன்," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

"என்னைய ஏசுங்கக்கா," என்றேன்.

"ஒங்கள ஏசி என்னா செய்ய?"

உங்களுக்குச் சேர வேண்டிய அந்த நாலு வார்த்தையை வாங்காமலே மலையிறங்கி வந்துவிட்டேன், நானா. அவர் என்ன கேட்டிருப்பார் என்றுதான் இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.