வால் நுனி வரை

டிசம்பர் 4, வியாழன்
மண்டி மொஹல்லாவில் ஒரு லாரி சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. லேபுக்குத் தாமதம். மீன் கருக்கள் எனக்காகக் காத்திருக்குமா? காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கூட்டம் செல்கள் தோலுக்கடியில் வால் நுனி வரை ஊர்ந்து போகும். கரு கண்ணாடி மாதிரி இருப்பதால் உயிரோடேயே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். ஒரு ஜீனை எடுத்துவிட்ட என் மீன்களில் அந்தக் கூட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இன்றும் நின்றது. அந்த ஜீன்தான் கூட்டத்தை நடத்துகிறது என்பது என் கண்டுபிடிப்பு. சந்தோஷம்.

டிசம்பர் 9, செவ்வாய்
என் கைடு டோரதி மேடம் பிப்ரவரியில் புனே மாநாட்டில் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார். அம்மா அதற்குள் புடவை எடுத்துவிட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்
அடுத்த மேசை ஹேமந்த், எது எந்த மீன் என்று எனக்கே தெரியாமல் ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறான். மாநாட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்களாம். அவனே கலந்து நம்பர் போட்டுத் தருவானாம். அவனுக்குப் பொறாமை. சரி என்றேன்.

டிசம்பர் 18, வியாழன்
நின்றவற்றைக் குறித்துக் கொடுத்தேன். அதில் பாதி சாதாரண மீன்களாம். ஜீன் எடுத்ததில் பாதி நல்லாவே வால் வரைக்கும் போயிருக்கு. அப்போ எதுதான் நிறுத்துது?

டிசம்பர் 19, வெள்ளி
நின்றவை எல்லாம் நான் கடைசியாக வைத்தவை.
கரு அசையாமலிருக்க இளஞ்சூடான ஜெல்லில் பதிக்கிறோம். ஜெல் குழாயைச் சூட்டிலேயே திறந்து வைத்திருப்பேன். தண்ணீர் ஆவியாகி, போகப் போக ஜெல் கெட்டியாகிவிடும். அதில் வால் வளர இடமில்லை, செல்களும் நின்றுவிடுகின்றன. இத்தனை நாளும் சாதாரண மீன் முதல்ல, ஜீன் எடுத்தது கடைசில. எப்பவும் அப்படித்தான். ஐயோ — ஒரு மூடி போட்டிருந்தா போதுமே.

டிசம்பர் 20, சனி
மேடத்திடம் சொல்லவில்லை.

டிசம்பர் 22, திங்கள்
சொன்னேன். மேடம் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.
"அங்க மேடையில நின்னு முழிக்கிறதுக்கு, இங்கயே அழுதுடு நிம்மி."
அழுதேன். பேச்சை வாபஸ் வாங்கும் மெயிலை நானே எழுதினேன். ஹேமந்த் காபி வாங்கி வந்து, "பேஜார் பண்ணிக்காதே கணே" என்று கன்னடம் கலந்து தேற்றினான். அவனைப் பொறாமைக்காரன் என்று நினைத்தது வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்
இந்நேரம் புனேயில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஜீன் எடுத்த மீன்தான் இன்றும். புது ஜெல், மூடிய குழாய். வாலைச் சுற்றியிருந்த ஜெல்லையும் வெட்டி எடுத்துவிட்டேன். மாலையில் கூட்டம் வால் நுனியை நெருங்கியது. நின்றுவிடு, நின்றுவிடு என்று இவற்றைத்தான் ஒரு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தேன். இன்று என்னையறியாமல் வாய்விட்டு, "இன்னும் கொஞ்சம்தான், போ" என்றிருக்கிறேன். ஹேமந்த் திரும்பிப் பார்த்தான்.
கூட்டம் வால் நுனியைத் தொட்டுவிட்டது. புடவையை ஈஸ்டருக்குக் கட்டிக்கொள்ளலாம்.