நீ கட்டிய மேடை

மேல்வீட்டில் சுவர் பூசுகிறார்கள். ஈரச் சிமெண்ட் வாசனை படியிறங்கி நம் வாசல்வரை வந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது உன் துப்பட்டாவில் இருக்கும் அதே வாசனை. நீ இல்லை என்று தெரிந்தேதான் கதவைத் திறந்து பார்த்தேன்.

கரியமில வாயுவைக் குறைக்க மாநகராட்சி திட்டம் போட்டபோது, உன்கூட இருந்த இன்ஜினியர்களுக்கு மின்சார பஸ், தெருவிளக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். உனக்குக் கிடைத்தது மயானம். ஊர்விட்டு வந்து நாம் குடியிருக்கும் வானவடியில் நம் தமிழ் ஆட்கள் சிரித்தார்கள். நானும்தான் கேலி செய்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. மின்மயானம் தயாராக இருந்தும் பக்கத்தில் விறகுப் புகை ஓயவில்லையே, ஏன் என்பதுதான் உன் கவலை. அங்கேயே போய் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கேட்டாய்.

"அவங்களுக்கு மெஷின் மேல கோவமில்லீங்க. வண்டியில இருந்து எறக்கி நேரா உள்ள தள்ளுறோம். குடம் எடுத்துச் சுத்த எடமில்ல. நானா இருந்தாலும் ஒத்துக்கமாட்டேன்" என்றாய்.

மேலதிகாரிகளிடம் மன்றாடி, உலைக்கு முன்னால் ஒரு மேடையும் சுற்றி நடக்க இடமும் கட்டவைத்தாய். பூச்சு காய்வதற்குள் என்னை ஸ்கூட்டரில் இழுத்துப்போனாய்.

"ஏனுங்க, தோள்ல குடம் இருக்கறாப்ல ஒருக்கா சுத்தி வாங்க. செவுத்துல இடிக்குதான்னு பாக்கோணும்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று சீறிவிட்டுத்தான் சுற்றினேன். நீ சுவரோரம் நின்று சிரித்தாய். அதன்பிறகு ஜனங்கள் மெல்ல அந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. கோவையிலிருந்து வந்த உன் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். "வெறகுல வெச்சாத்தானுங்க மாப்ள மனசு ஆறும்." எனக்கு வாதாடத் தெம்பில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய் மேடையைக் காட்டினேன். "இது அவ கட்டுனதுங்க மச்சான்." அவர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து அழுதார். விறகைப் பற்றி மறுபடி பேசவில்லை.

நமக்குப் பிள்ளை இல்லை. குடத்தை நானே தோளில் வைத்து உன்னைச் சுற்றினேன். எங்கும் இடிக்கவில்லை. எங்காவது இடித்து நின்றுவிடக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

இப்போது நம் ஆட்களில் யார் போனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். குடம் எடுப்பவர் தயங்கினால், "பயப்படாம சுத்துங்க, இடிக்காது" என்கிறேன். நீ நின்று சிரித்த அந்தச் சுவரோரத்தில் மட்டும் யாரையும் நிற்க விடுவதில்லை.