சின்னக் கூடும் பெரிய கூடும்

ஆம்பூர்,
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் தெரியவில்லை.

நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம். அனுப்பிய வீடியோவையும் நீ திறக்கவில்லை. கொரியர் என்றால் கையில் வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினால் பிரிக்காமல் இருக்க மாட்டாய் என்று ஒரு கணக்கு. கோபத்தோடு படித்தாலும் சரி, கடைசி வரை படி.

எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. நேற்று லைனிங் தோல் அடுக்கை ரகம் பிரிக்க உட்கார்ந்தேன். கீறல் விழுந்த தோலை நல்ல தோலோடு வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை ரஷீத் அஹமது பார்த்துவிட்டு, "இன்னா ஜெயம்மாக்கா, கண்ணாடி மாத்தணுமா, இல்ல ஆளையே மாத்தணுமா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

அந்தக் கூடு விஷயத்தில் என்ன நடந்தது என்று நீ என்னைச் சொல்லவே விடவில்லை. இப்போது சொல்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது நம் கோடவுன் சுவரில் ஒட்டியிருந்த பெரிய மஞ்சள் அந்துப்பூச்சியைப் பிடித்து டப்பாவில் வைத்தாய். அது முட்டையிட்டது. புழு பொரிக்கும்வரை லீவை நீட்டினாய். "இது ஆவாரை இலைதாம்மா தின்னும், ஹாஸ்டல்ல கெடைக்காது, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் பார்த்துக்கொண்டேன். உன் அப்பா தினமும் பாலாற்றங்கரையில் இலை பறித்து வந்தார். புழு ஒவ்வொரு முறை சட்டை உரித்ததும் அந்தச் சட்டையைக் கண்ணாடிக் குழாயில் போட்டுத் தேதி ஒட்டினேன். மயிர் பட்டு முழங்கை வரை தடித்துப் போனது. உனக்குச் சொல்லவில்லை. ஒரு புழு கூட வீணாகாமல் எல்லாம் கூடு கட்டின.

அப்புறம்தான் உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடத்திடம் இருந்து சூரியபிரகாஷ் என்ற பையன் வந்து நின்றான். "மேடம் எல்லாக் கூட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க, லேப்ல வெச்சாதான் சேஃப்" என்றான். நீ போனில் கிடைக்கவில்லை. வகுப்பில் இருக்கிறாய் என்றும் அவனே சொன்னான். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு சாம்பிளுக்காக இவ்வளவு தூரம் ஆளை அனுப்புகிறவர் சும்மா அனுப்ப மாட்டார். எங்கள் தொழிலில் சாம்பிள் கேட்டால் முழுதாகத் தூக்கிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. பாதி அவர்களுக்கு, பாதி நம்மிடம். நாளைக்கு எதையாவது மாற்றிப் பேசினால் காட்டுவதற்கு. கூட்டையும் அப்படியே பாதியாக்கினேன்.

அங்கேதான் கை கெடுத்தது. இருபது வருஷமாகத் தோல் பிரித்த கை. நான் யோசிக்கக்கூட இல்லை, பெரிய கூடு வலது பக்கம், சின்னக் கூடு இடது பக்கம் என்று தானாகப் பிரித்துவிட்டது. முதல் ரகத்தை நம்மிடம் வைத்துக்கொண்டு இரண்டாம் ரகத்தை அவனிடம் தள்ளினேன். அவன் போன பிறகு, ஏமாற்றாமல் ஏமாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாக டீ குடித்தேன்.

பெரியது பெண், சின்னது ஆண் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரிய மஞ்சளுக்குப் பழைய காலத்திலேயே ஒரு பெயர் உண்டு என்பதும், சின்னக் கறுப்புப் பூச்சியைப் புது இனம் என்று சொல்லி மேடம் தனிப் பெயர் வைத்திருக்கிறார் என்பதும், இரண்டும் ஒரே பூச்சியின் பெண்ணும் ஆணும்தான் என்று நீ நினைக்கிறாய் என்பதும், ஒரு தாய் இட்ட முட்டையில் இருந்து இரண்டும் வந்தால்தான் அது நிரூபணம் என்பதும் அன்றைக்கு நீ போனில் கத்தியபோதுதான் தெரிந்தது. "அத்தன ஆணையும் அவங்க கையிலயே குடுத்துட்டியேம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. மேடம் கையில் சிக்கக் கூடாது என்றுதான் லேபுக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் விட்டாய் என்பதும் அப்போதுதான் உறைத்தது. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும்.

மேடம் எனக்கே போன் செய்தார். சின்னக் கூடு எல்லாம் வழியிலேயே செத்துவிட்டதாம். இரண்டும் வேறு வேறு பூச்சி என்றே ஆய்வறிக்கையில் எழுதி இந்த மாதத்துக்குள் நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடுமாம். "உங்க பொண்ணு வேலைக்கும் நானே சொல்றேன்மா" என்றார். ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. அஞ்சு வருஷப் படிப்பு. பட்டத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் உண்மையைப் பேசிக்கொள் என்று சொல்ல வாயெடுத்தவள்தான் நான். ஆனால் வேலையைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, அவராக ஏன் அந்தப் பேச்சை எடுத்தார்? கேட்காமலே விலையை ஏற்றுகிறவருக்கு உள்ளே பயம் இருக்கிறது. அப்படியானால் நீ சொல்வது சரி.

இப்போது வீடியோவில் இருப்பதைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நம்மிடம் இருந்த கூட்டில் ஒன்று திறந்து மஞ்சள் வந்தது. நீ பொங்கலப்போ சொன்ன மாதிரி வலைக்கூண்டில் வைத்து ஜன்னல் ஓரமாக நிறுத்தினேன். புதன்கிழமை விடிந்ததும் ஷட்டரைத் தூக்கினால், ஜன்னல் வலைக்கு வெளியே சின்னக் கறுப்புப் பூச்சிகள்! இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டு உள்ளே வர வழி தேடுகின்றன. இந்த ஏரியாவில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ரஷீத் அஹமது வந்து பார்த்தார். "யக்கா, பொண்ணு வயசுக்கு வந்த சேதி மலை வரைக்கும் போயிருக்கு" என்றார். உன் அப்பா ஒரு கறுப்பைக் கூண்டுக்குள் விட்டார். மஞ்சளோடு ஜோடி சேர்ந்தது. இரண்டு பேர் போனிலும் படம் பிடித்திருக்கிறோம். சாயங்காலம் முட்டையிட்டது.

ஜோடி சேர்ந்ததை மட்டும் காட்டினால் மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது எனக்கும் தெரியும். இந்த முட்டை பொரிந்து, புழு வளர்ந்து, கூடு கட்டி, இரண்டு விதமும் வெளியே வர வேண்டும். அதற்கு இந்த மாதம் போதாது. அதனால் கையெழுத்துப் போடாதே, தவணை கேள். கொடுக்க மாட்டேன் என்றால் அவருக்கு மேலே யாராவது இருப்பார்கள், அவர்களைப் போய்ப் பார். நான் இந்த ஊரில் கடை போட்டபோது பொம்பளைக்குத் தோல் கொடுக்க மாட்டேன் என்றவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவர் வாசலிலும் போய் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுப் பேசத்தான் செய்வார்கள்.

நேற்று ராத்திரி ரெண்டு மூன்று தடவை எழுந்து முட்டையில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். கூண்டின் காலை எண்ணெய்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன், இருந்தாலும் மனம் கேட்கவில்லை. புழு வந்தால் இலை போடுவேன், சட்டை எடுப்பேன், அரிப்பும் பழகிவிட்டது. ஆனால் கூடு கட்டினால் அதைத் தொட்டு எடுத்து வைக்க என் கையை நான் நம்ப மாட்டேன். அதற்கு நீதான் வர வேண்டும்.

எந்தச் சாமி உனக்குத் துணை நிற்குமோ அந்தச் சாமி நிற்கட்டும். உன் படிப்பும் மானமும் உனக்குச் சேதம் இல்லாமல் கிடைக்கட்டும். கோபம் தீராவிட்டால் பரவாயில்லை, கோபத்தோடயே பஸ் ஏறி வா.

உன் அம்மா
ஜெயம்மாள்